மருதாணிக்கும் மாதுளைக்கும் என்ன உறவு? தாவரக் குடும்பம் என்பதன் எளிய விளக்கம்

மருதாணிச் செடி, மாதுளை மரம், சாலையோரம் ஊதா நிறத்தில் பூத்துக் குலுங்கும் பூமருது, நெல் வயலில் களையாக வரும் நீர்மேல்நெருப்பு, வடநாட்டுக் குளங்களில் மிதந்து வளரும் சிங்காடா, சதுப்புநிலக் காட்டுச் சேற்றில் மூச்சுவேர்களை நீட்டி நிற்கும் கிண்ணை மரம். இந்த ஆறும் ஒரே குடும்பம் என்கிறது தாவரவியல். குடும்பத்தின் பெயர் லித்ரேசியே. தமிழில் மருதாணிக் குடும்பம் என்று சொன்னால் போதும். உலகம் முழுவதும் சேர்த்து ஏறக்குறைய 30 பேரினங்கள், சுமார் 600 இனங்கள்.

முதல்முறை கேட்பவருக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கும். ஒன்று மரம், ஒன்று புதர், ஒன்று முழங்கால் உயரம்கூட வராத களை, ஒன்று தண்ணீரில் மிதப்பது, ஒன்று உப்புத் தண்ணீரிலேயே வாழ்வது. எதை வைத்து இவற்றைச் சேர்த்தார்கள்? தாவரக் குடும்பம் என்றால் என்ன என்று விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. அவரைக் குடும்பத்தை எடுத்துக்கொண்டால் காயைப் பார்த்தவுடனே பாதி புரிந்துவிடும். இங்கே அந்த வசதி கிடையாது. கண்ணுக்குத் தெரிவதை நம்பினால் வழி தவறிவிடுவோம். ஆய்வாளர்களே நூறாண்டுக்கு மேல் தவறியிருக்கிறார்கள்.

அடிப்படையிலிருந்து வருவோம். ஒரே மாதிரியான செடிகள் சேர்ந்தது இனம். நெருங்கிய இனங்கள் சேர்ந்தது பேரினம். பேரினங்கள் சேர்ந்தது குடும்பம். குடும்பங்கள் சேர்ந்தது வரிசை. இதெல்லாம் பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறது. அதில் பெரும்பாலும் விட்டுப்போவது, எப்படிச் சேர்ப்பது என்ற விதி. இன்றைய விதி இதுதான்: ஒரு மூதாதையையும், அதன் வழியில் வந்த எல்லாரையும், ஒருவரைக்கூட விடாமல் சேர்த்தால்தான் அது குடும்பம். ஒரு தாத்தாவின் வம்சாவளி எழுத உட்கார்ந்தால், சிங்கப்பூர் போய் ஆளே மாறிவிட்ட பேரனை விட்டுவிட முடியாது. அச்சு அசலாகத் தாத்தா மாதிரியே இருக்கும் பக்கத்து வீட்டுக்காரரைச் சேர்க்கவும் முடியாது. சாயல் ஒரு துப்பு மட்டுமே. கணக்கு வழிவந்த முறையில் இருக்கிறது.

இந்த விதி ஆரம்பத்திலேயே இருந்ததல்ல. 1753இல் ஸ்வீடன் நாட்டுக் கார்ல் லின்னேயஸ் தனக்குத் தெரிந்த செடிகளையெல்லாம் வகைப்படுத்தியபோது, பூவுக்குள் எத்தனை மகரந்தத்தாள்கள் இருக்கின்றன என்று எண்ணி, அதை வைத்தே வகுப்பு பிரித்தார். எட்டு இருந்த மருதாணி ஒரு வகுப்புக்குப் போனது. இந்தக் குடும்பத்துக்குப் பெயர் கொடுத்த, பன்னிரண்டு இருந்த லித்ரம் வேறொரு வகுப்புக்கு. நிறைய இருந்த மாதுளை இன்னொன்றுக்கு. நான்கே நான்கு இருந்த சிங்காடாவும் நீர்மேல்நெருப்பின் பேரினமான அம்மானியாவும் ஒரே வகுப்பில், அதுவும் எந்த உறவும் இல்லாத பல செடிகளோடு. பெயர் தெரியாத செடியைத் தேடிக் கண்டுபிடிக்க இந்த முறை அருமையாக வேலை செய்தது. உறவைச் சொல்வதற்கு உதவவில்லை. லின்னேயஸுக்கும் அது தெரியும். தன் முறை செயற்கையானது என்று அவரே ஒப்புக்கொண்டவர்தான்.

பிறகு ஃபிரெஞ்சுத் தாவரவியலாளர்கள் ஒரே ஒரு எண்ணிக்கையை நம்பாமல், பூ, காய், விதை, இலை என்று பலவற்றையும் சேர்த்துப் பார்க்கத் தொடங்கினார்கள். அந்த வழியில்தான் 1805இல் ஜோம் சாந்திலேர் லித்ரேசியே என்ற குடும்பத்துக்குப் பெயர் வைத்தார். 1903இல் ஜெர்மனியின் எமில் கோனே இந்தக் குடும்பத்துக்கென்றே ஒரு பெரிய நூல் எழுதினார். இன்றும் இந்தச் செடிகளில் வேலை செய்பவர்கள் அதைப் புரட்டாமல் இருக்க முடியாது. ஆனால் கோனே வரைந்த எல்லைக்குள் மாதுளை இல்லை, கிண்ணை இல்லை, சிங்காடாவும் இல்லை.

அவை ஏன் வெளியே நின்றன என்று பார்ப்பதற்கு முன்னால், உள்ளே இருந்தவற்றை எது சேர்த்துவைத்தது என்று பார்த்துவிடலாம்.

பூவைப் பிரித்துப் பார்த்தால்

மருதாணிப் பூ சின்னது. வாசனை தூக்கும், ஆனால் யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. ஒன்றை எடுத்துக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனால் நான்கு புல்லி இதழ்கள், நான்கு அல்லி இதழ்கள், எட்டு மகரந்தத்தாள்கள் தெரியும். அல்லி இதழ்கள் வழவழப்பாக இருக்காது, கசங்கிச் சுருங்கி இருக்கும். வாடியதால் வந்த சுருக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். மொட்டுக்குள் இதழ் மடிப்பு மடிப்பாக அடுக்கப்படாமல், திணித்துவைக்கப்பட்ட நிலையில் வளர்கிறது. பூ விரிந்த பிறகும் அந்தச் சுருக்கம் போவதில்லை.

இப்போது பூமருதுக்குப் போங்கள். கை அகலப் பூ, ஆறு இதழ்கள், அதே சுருக்கம். மாதுளையில் நாளை மலரப்போகும் மொட்டு ஒன்றைப் பிளந்து பாருங்கள். தடித்த சிவப்புப் புல்லிகளுக்குள் இதழ்கள் கசங்கிக் கிடக்கும். விரித்துவிட்டாலும் தட்டையாக நிற்காது.

இரண்டாவது அடையாளம் இன்னும் முக்கியமானது. பல பூக்களில் புல்லி இதழ், அல்லி இதழ், மகரந்தத்தாள் எல்லாமே பூக்காம்பின் நுனியில் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும். மருதாணிக் குடும்பத்தில் இவற்றுக்கு அடியில் ஒரு கிண்ணமோ குழலோ இருக்கிறது. ஹைப்பாந்தியம் என்பார்கள். புல்லிகள் இந்தக் குழலின் விளிம்பில் பற்களாக நிற்கும். அல்லி இதழ்கள் விளிம்பில் அல்லது விளிம்புக்குச் சற்றுக் கீழே, பற்களுக்கு இடையில் ஒட்டியிருக்கும். மகரந்தத்தாள்கள் பெரும்பாலும் அதற்கும் கீழே, குழலின் உட்சுவரில் ஒட்டியிருக்கும். சூலகம் குழலின் அடியில் இருக்கும். லித்ரம் பூவில் இது நீண்ட குழல், மருதாணியில் ஆழமில்லாத கிண்ணம், பூமருதில் வரிவரியாகப் புடைத்த தடித்த கிண்ணம். அளவும் வடிவமும் மாறும், அமைப்பு மாறாது.

மாதுளைப் பழத்தின் தலையில் இருக்கிற கிரீடம் இந்தக் குழலின் விளிம்புதான். பூ காயான பிறகும் உதிராமல் அப்படியே நிற்கிறது. உள்ளே விரலை விட்டுத் தடவினால் காய்ந்துபோன மகரந்தத்தாள்கள் இன்னும் ஒட்டியிருப்பது தெரியும். கிண்ணை மரத்தின் பழத்திலும் புல்லிகள் உதிர்வதில்லை; ஆனால் அங்கே அவை நட்சத்திரமாக விரிந்து பழத்துக்கு அடியில் தட்டு வைத்த மாதிரி நிற்கும். மாதுளையில் மேலே, கிண்ணையில் கீழே. இந்த ஒரு வேறுபாட்டுக்குள்தான் மாதுளையைத் தனியே ஒதுக்கியதற்கான காரணமும் இருக்கிறது. மாதுளையில் சூலகம் குழலோடு ஒட்டிப்போய், இதழ்கள் சேரும் இடத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. அதனால் காய் பருக்கும்போது புல்லிகள் உச்சிக்குப் போய்விடுகின்றன. போதாக்குறைக்கு உள்ளே அறைகள் மேல்தட்டு, கீழ்த்தட்டு என்று அடுக்காக இருக்கும்; விதையைச் சுற்றி நாம் தின்னும் சாறு நிறைந்த சிவப்பு உறை. குடும்பத்தில் மற்றவர்களோ பெரும்பாலும் உலர்ந்து வெடிக்கும் காய் வைப்பவர்கள். மருதாணிக் காயையும் பூமருதுக் காயையும் மாதுளைப் பழத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்தக் காலத்து ஆய்வாளர்களைக் குறை சொல்லத் தோன்றாது.

அப்படி மாதுளைக்கென்று புனிகேசியே என்ற தனிக் குடும்பம் உருவானது. அதில் இரண்டே இனங்கள். ஒன்று நாம் தின்னும் மாதுளை. இன்னொன்று ஏமன் நாட்டைச் சேர்ந்த சொகோத்ரா தீவில் மட்டும் வளரும் காட்டு மாதுளை. சிங்காடாவுக்கு டிராப்பேசியே என்றும், கிண்ணைக்கு சொன்னரேஷியேசியே என்றும் தனி வீடுகள் கட்டிக்கொடுத்தார்கள். பழைய மூலிகைப் பட்டியல்களிலும் கல்லூரிப் பாடநூல்களிலும் இந்தப் பெயர்களை இப்போதும் பார்க்கலாம்.

எல்லைக் கோட்டை அழித்தது எது?

சந்தேகம் முன்பே இருந்தது. தண்டைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தவர்களுக்கு ஒரு விசித்திரம் தெரிந்திருந்தது. சாதாரணமாக உணவு கடத்தும் திசுவான புளோயம், நீர் கடத்தும் சைலத்துக்கு வெளிப்பக்கம் இருக்கும். மருதாணி, மாதுளை இரண்டிலும் உட்பக்கத்திலும் இன்னொரு அடுக்குப் புளோயம் இருக்கிறது. கொய்யாவிலும் நாவலிலும்கூட இருக்கிறது. அதனால் இவையெல்லாம் மிர்ட்டேலீஸ் என்ற ஒரே வரிசை என்பதில் பெரிய சண்டை இல்லை. குடும்பத்துக்குள் யார் யார் என்பதில்தான் சண்டை. 1984இல் ரோல்ஃப் டால்கிரென், ராபர்ட் தோர்ன் என்ற தாவரவியலாளர்கள் இருவரும் மிர்ட்டேலீஸ் முழுவதையும் அலசி, மாதுளையையும் கிண்ணையையும் லித்ரேசியேக்குள் கொண்டுவரலாம் என்றார்கள். சிங்காடாவைச் சேர்க்க அவர்களுக்கும் மனம் வரவில்லை.

1990களில் டிஎன்ஏ வந்தது. ஒரே மரபணுவைப் பல செடிகளில் படித்து, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு, எந்த மாற்றம் யாரிடமெல்லாம் சேர்ந்து காணப்படுகிறது என்று பார்த்து, கிளை பிரிந்த வரிசையைக் கணக்கிடுவதுதான் முறை. குடும்பத்தின் முழுப் படமும் 2005இல் கிடைத்தது. ஷெர்லி கிரஹாம், ஜோசலின் ஹால், கென்னத் சைட்ஸ்மா, சூகுவா ஷி ஆகியோர் நான்கு டிஎன்ஏ பகுதிகளையும் உடல் அமைப்பையும் சேர்த்துக் கிளைப்படம் வரைந்தார்கள். இதில் கிரஹாம் அம்மையார் வாழ்நாள் முழுவதையும் இந்தக் குடும்பத்துக்கே கொடுத்தவர் என்று சொல்லலாம்.

படத்தில் மாதுளை, கிண்ணை, சிங்காடா மூன்றும் குடும்பத்துக்கு வெளியே நிற்கவில்லை. ஓரத்தில்கூட நிற்கவில்லை. நடுவே இருந்தன.

இங்கேதான் அந்த விதி வேலை செய்கிறது. மாதுளை குடும்பத்துக்கு வெளியே, ஒன்றுவிட்ட உறவாக நின்றிருந்தால், தனிக் குடும்பமாக வைத்துக்கொள்ளலாம், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அது உட்கிளை ஒன்றில் உட்கார்ந்திருக்கிறது. அப்படியானால் மாதுளையைப் பிடுங்கித் தனியே வைத்துவிட்டு, மிச்சம் இருப்பதை லித்ரேசியே என்று அழைத்தால், அந்த மிச்சம் ஒரு மூதாதையின் எல்லா வழித்தோன்றல்களும் ஆகாது. அதில் ஓட்டை விழுந்துவிடும். இரண்டு வழிதான் உண்டு. ஒன்று, லித்ரேசியேவையே பல துண்டுகளாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் புதுப் பெயர் வைப்பது. இல்லையென்றால் வெளியே நின்றவர்களை உள்ளே கூப்பிடுவது. தாவரவியலாளர்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். என்னைக் கேட்டால் நல்ல முடிவு. இரண்டே இனங்களுக்கு ஒரு குடும்பம் வைத்து என்ன சாதிக்கப்போகிறோம்?

எனக்கு இந்தப் படத்தில் மிகவும் பிடித்தது கிண்ணையும் சிங்காடாவும்தான். இரண்டும் ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய உறவு என்று வந்தது. கிண்ணையின் பேரினம் சொன்னரேஷியா. பிச்சாவரத்தில் இதன் ஓர் இனம் இருக்கிறது. இலங்கையில் இன்னோர் இனத்தைச் சிங்களத்தில் கிரல என்பார்கள். அதன் பழத்தில் பானம் செய்து குடிப்பார்கள். மலேசியாவில் கோலா சிலாங்கூர் ஆற்றோரம் ஆயிரக்கணக்கில் மின்மினிகள் கூடி மின்னுவதும் இந்த மரங்களில்தான். இரவில் பூ விரியும், வௌவால் வந்து தேன் குடிக்கும். சிங்காடாவோ மரமே இல்லை. நன்னீர்க் குளத்தில் இலைகளை வட்டமாக விரித்து மிதக்கும் செடி. நான்கு மகரந்தத்தாள் கொண்ட சின்ன வெள்ளைப் பூ. கொம்பு முளைத்த ஒற்றை விதைக் காய். காஷ்மீரின் வூலர் ஏரியில் அதைப் படகில் போய் அள்ளி வருகிறார்கள். நல்ல தண்ணீரில் மிதப்பதும் உப்புச் சேற்றில் நிற்பதும் எந்தக் காலத்தில் பிரிந்தன, நடுவே என்னென்ன வடிவங்கள் இருந்து அழிந்தன என்பதெல்லாம் இன்னும் தோண்டிக்கொண்டிருக்கும் விஷயம்.

சாயல் இருந்தும் உறவு இல்லாதவை

இதற்கு நேர் எதிரான கதையும் இந்தக் குடும்பத்திலேயே இருக்கிறது. நெல் வயலில் நீர்மேல்நெருப்போடு சேர்ந்து ரோட்டாலா என்ற பேரினத்துச் சிறுகளைகளும் வரும். எதிரெதிர் இலைகள், இலைக்கோணத்தில் பொடிப்பொடிப் பூக்கள், உருண்டைக் காய். வண்ணமீன் தொட்டிக்குச் செடி வாங்குபவர்களுக்கு இரண்டு பேரினமும் பழக்கம்தான். கையில் லென்ஸ் இல்லாமல் பிரிப்பது கஷ்டம். லென்ஸ் இருந்தால், ரோட்டாலாவின் காய்ச்சுவரில் குறுக்காக ஓடும் மெல்லிய வரிகளைத் தேடுவார்கள். அம்மானியாவில் அந்த வரி கிடையாது, காயும் ஒழுங்கில்லாமல் உடையும். அண்ணன் தம்பி என்றே பலரும் நினைத்தார்கள். டிஎன்ஏ பார்த்தபோது ரோட்டாலா வேறு கிளைக்குப் போய்விட்டது. அம்மானியாவுக்கு நெருங்கிய உறவாக வந்து நின்றது நம் மருதாணி! வேலியோரம் ஆளுயரத்துக்கு முள்ளோடு வளரும் புதரும், வயலில் காலில் மிதிபடும் களையும் சொந்தம். ரோட்டாலாவும் அம்மானியாவும் ஒரே மாதிரி இருப்பது, இரண்டும் ஈரநிலத்தில் குறுகிய காலத்தில் முளைத்துப் பூத்து விதைத்துச் சாகிற வாழ்க்கைக்குப் பழகிக்கொண்டதால்.

வேதிப்பொருளும் இப்படி ஏமாற்றும். மருதாணிச் சிவப்புக்குக் காரணம் லாசோன் என்ற பொருள். இலைக்குள் அது சர்க்கரையோடு பிணைந்து வேறு வடிவத்தில் இருக்கிறது. அரைத்து, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டு ஊறவைத்தால் பிணைப்பு விடுபட்டு லாசோன் வெளியே வருகிறது. தோலிலும் நகத்திலும் இருக்கும் கெரட்டின் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. அப்படியானால் லாசோன் உள்ள செடியெல்லாம் மருதாணிக்குச் சொந்தமா? இல்லை. காசித்தும்பையிலும் லாசோன் இருக்கிறது. அது வேறு குடும்பம், மிகத் தூரத்து உறவு. ஒரே பொருளைத் தயாரிக்கும் வித்தையை இரண்டு செடிகளும் தனித்தனியாகக் கண்டுபிடித்திருக்கின்றன. ஒற்றை அடையாளத்தை வைத்துக் குடும்பம் சொல்லக்கூடாது என்பதற்குப் பாடநூல்கள் எங்கெங்கோ உதாரணம் தேடுகின்றன. நம் தோட்டத்திலேயே கிடக்கிறது.

ஒரு சின்னச் சந்தேகத்தையும் தீர்த்துவிடலாம். ஆற்றங்கரை மருத மரமும் பூமருதும் ஒரே குடும்பமா என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. மருதம், கடுக்காயின் குடும்பம். ஆனால் அந்தக் குடும்பமும் மிர்ட்டேலீஸ் வரிசைதான், ஆக ஒரு படி மேலே போனால் உறவு வந்துவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையின் வெண்தேக்குக்கோ தேக்கோடு எந்த உறவும் இல்லை. அது பூமருதின் பேரினம்.

கல்லில் கிடைத்த காய்

இந்தக் குடும்பம் எவ்வளவு பழையது? மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா மாவட்டத்தில் மோகாவ் கலான் என்ற ஊர் இருக்கிறது. தக்காணத்தில் எரிமலைக் குழம்பு அலையலையாகப் பாய்ந்து உறைந்த காலத்தில், ஒரு பாய்ச்சலுக்கும் அடுத்ததற்கும் நடுவே குளம் குட்டைகள் உருவாகி, கரையில் செடிகள் முளைத்து, அடுத்த குழம்பு வந்து மூடியிருக்கிறது. செடிகளின் திசுக்களில் சிலிக்கா ஏறி அப்படியே கல்லாகிவிட்டன. அந்தக் கல்லிலிருந்து கிடைத்த ஒரு காயை லக்னோவில் இருந்த தொல்தாவரவியலாளர் பீர்பல் சாஹ்னி 1943இல் விவரித்தார். எனிக்மோகார்ப்பன் என்று பெயர் வைத்தார். அந்தக் கட்டுரையிலேயே லித்ரேசியே குடும்பத்தின் தொல்லுயிர் வரலாற்றையும் சேர்த்து எழுதினார், ஏனென்றால் காயின் உறவு அந்தப் பக்கம்தான் என்று அவருக்குத் தோன்றியது. அடுத்த ஆண்டே அதே இடத்துக் கல்லிலிருந்து பூ ஒன்றையும் விவரித்தார்கள். வயது சுமார் 6.6 கோடி ஆண்டு; டைனோசர்கள் போன காலத்தை ஒட்டியது.

சிங்காடாக் கிளையின் கொம்புக் காய்கள் கெட்டியானவை என்பதால் அவையும் தொல்லுயிர்ப் படிவமாக நிறையக் கிடைக்கின்றன. இன்னொரு சுவையான பயன்பாடு கிண்ணையின் மகரந்தத்தில். தென்கிழக்கு ஆசியாவில் எண்ணெய்க் கிணறு தோண்டுபவர்கள், வெவ்வேறு ஆழத்துப் பாறையில் கிண்ணை முன்னோர்களின் மகரந்தம் எந்த வடிவத்தில் இருக்கிறது என்று பார்த்து அந்த அடுக்கின் காலத்தைக் கணிக்கிறார்கள்.

டார்வினைப் பித்துப்பிடிக்க வைத்த பூ

குடும்பத்துக்குப் பெயர் கொடுத்த லித்ரம் பேரினத்தைப் பற்றி இவ்வளவு நேரம் அதிகம் சொல்லவில்லை. லித்ரம் சலிகாரியா ஐரோப்பாவிலும் ஆசியாவின் குளிர்ப் பகுதிகளிலும், காஷ்மீரிலும்கூட, நீர்நிலை ஓரங்களில் வளர்வது. ஆளுயரத் தண்டில் கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த பூக்கள் கதிராகப் பூக்கும். 1862இல் சார்லஸ் டார்வின் இதைக் கையில் எடுத்தார். அமெரிக்கத் தாவரவியலாளர் ஆசா கிரேக்கு எழுதிய கடிதத்தில், லித்ரம் தன்னைப் பைத்தியமாக்கிக்கொண்டிருக்கிறது என்கிற பொருளில் எழுதியிருக்கிறார்.

அவரை அலைக்கழித்தது இது. இந்த இனத்தில் மூன்று வகைச் செடிகள் இருக்கின்றன. ஒரு செடியில் எல்லாப் பூவிலும் சூல்தண்டு நீளம். இன்னொரு செடியில் நடுத்தரம். மூன்றாவதில் குட்டை. ஒவ்வொரு பூவிலும் பன்னிரண்டு மகரந்தத்தாள்கள், ஆறு ஆறாக இரண்டு உயரங்களில். எந்த இரண்டு? தன் சூல்தண்டு இல்லாத மற்ற இரண்டு உயரங்கள். நீளச் சூல்தண்டுப் பூவில் நடு உயரத்திலும் குட்டை உயரத்திலும் மகரந்தத்தாள்கள். நடுத்தரச் சூல்தண்டுப் பூவில் நீளமும் குட்டையும். குட்டைச் சூல்தண்டுப் பூவில் நீளமும் நடுத்தரமும். நீளத் தாள்களின் மகரந்தம் பச்சை, மற்றவை மஞ்சள்.

டார்வின் கெண்ட் வட்டாரத்தில் தன் வீட்டில் இந்தச் செடிகளை வளர்த்து, கையால் மகரந்தம் தடவி, மூன்று சூலகங்களுக்கும் ஆறு வகைத் தாள்களுக்கும் நடுவே நடக்கக்கூடிய பதினெட்டுச் சேர்க்கைகளையும் செய்து பார்த்தார். எந்த உயரத்தில் சூல்முடி, அதாவது சூல்தண்டின் நுனி, இருக்கிறதோ அதே உயரத்துத் தாளின் மகரந்தம் விழுந்தால்தான் விதை நன்றாகப் பிடித்தது. அப்படிப்பட்ட சேர்க்கைகள் ஆறு. மிச்சம் பன்னிரண்டிலும் விதை குறைவு, சிலவற்றில் இல்லவே இல்லை. தன் பூவின் தாள்களில் எதுவுமே தன் சூல்முடியின் உயரத்தில் இல்லை என்பதைக் கவனியுங்கள். தனக்குத் தானே சேர்வதற்குக் கதவு அடைபட்டுவிடுகிறது. பூச்சியின் உடலில் எந்த உயரத்தில் மகரந்தம் ஒட்டுகிறதோ, அதே உயரத்துச் சூல்முடியில்தான் உரசுகிறது. 1864இல் லண்டன் லின்னேயன் சங்கத்தில் இதை வாசித்தார்கள்.

குடும்பம் என்ற கருத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்றால், கிளைப்படம் கையில் வந்த பிறகு புதிய கேள்வி கேட்க முடிகிறது. மூன்று உயர ஏற்பாடு லித்ரத்தில் இருக்கிறது, வட அமெரிக்கச் சதுப்புகளில் வளரும் டெக்கொடானிலும் இருக்கிறது. இருவரும் ஒரே மூதாதையிடமிருந்து வாங்கினார்களா, தனித்தனியாகச் செய்துகொண்டார்களா? படத்தில் அவர்கள் நிற்கும் இடத்தைப் பார்த்துத்தான் இதற்குப் பதில் தேட வேண்டும். இந்தக் குடும்பத்துக்கு வெளியே இந்த ஏற்பாடு வெகு சில குடும்பங்களில்தான் உண்டு. புளியாரைக் குடும்பம் ஒன்று. இன்னொன்று, நம் ஏரிகளை மூடிக்கிடக்கும் ஆகாயத்தாமரையின் குடும்பம். ஆகாயத்தாமரையின் பூவிலும் மூன்று வடிவம் உண்டு. ஆனால் தாயகத்தை விட்டு வந்த இடங்களிலெல்லாம் பெரும்பாலும் நடுத்தரச் சூல்தண்டு வடிவம் மட்டும்தான் காணப்படுகிறது. வந்து சேர்ந்தது அதுதான். விதை இல்லாமலே கிளைத்துக் கிளைத்துப் பெருகிவிட்டது.

லித்ரமும் ஊர்விட்டு ஊர் போய் வம்பு செய்த செடிதான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட அமெரிக்காவுக்குப் போய், ஈரநிலங்களை ஆக்கிரமித்தது. ஒரு பெரிய செடி ஆண்டுக்கு இருபது லட்சத்துக்கு மேல் விதை போடும். பிடுங்கி முடியவில்லை. ஐரோப்பாவில் அதைத் தின்னும் இலைவண்டுகளையும் வேரைத் துளைக்கும் ஒரு கூன்வண்டையும் கொண்டுவந்து 1992இல் விட்டார்கள். விடுவதற்கு முன்னால் முக்கியமான சோதனை ஒன்று உண்டு: இந்த வண்டு வேறு எதைத் தின்னும்? பூச்சிகள் பெரும்பாலும் ஒரு செடியிலிருந்து அதன் உறவுக்காரச் செடிக்குத்தான் தாவும். அதனால் சோதனைப் பட்டியல் தயாரிக்கும்போது முதலில் அதே பேரினம், அப்புறம் அதே குடும்பம், பிறகு தூரத்து உறவு, கடைசியாகப் பயிர்கள் என்று போவார்கள். அமெரிக்காவின் சொந்தச் செடிகளான லித்ரம் அலாட்டம், டெக்கொடான் இரண்டும் அந்தப் பட்டியலில் மேலே இருந்தன. வண்டு அவற்றையும் கொஞ்சம் கடிக்கும் என்று தெரிந்த பிறகுதான், பரவாயில்லை என்று கணித்து விட்டார்கள். குடும்ப எல்லை தவறாக இருந்தால் சோதனைப் பட்டியலும் தவறாகிவிடும்.

இதேபோல விதை எண்ணெய் தேடியவர்களுக்கும் குடும்பப் படம் உதவியது. மருதாணிக் குடும்பத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு இனங்கள் கூஃபியா என்ற ஒரே பேரினத்தில் இருக்கின்றன. எல்லாம் அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை. அவற்றில் ஒன்றிரண்டை நம் ஊர் நர்சரிகளிலும் பூங்கா ஓரங்களிலும் பார்க்கலாம், ஒரு சாண் உயரத்தில் ஊதாப் பூக்களோடு. கூஃபியா விதைகளில், தேங்காய் எண்ணெயில் நிறைந்திருக்கும் லாரிக் அமிலமும் அதைப் போன்ற நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு அமிலங்களும் ஏராளமாக உண்டு. தென்னை வளராத குளிர்நாடுகளுக்கு இது ஒரு பயிராகலாம் என்று அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் பல ஆண்டுகள் வேலை செய்தார்கள். எந்த இனத்தில் எந்தக் கொழுப்பு அதிகம் என்பது பேரினத்தின் உட்பிரிவுகளோடு எப்படிப் பொருந்துகிறது என்று 1981இலேயே கிரஹாமும் அவரோடு சேர்ந்த ஜெர்மானியர் இருவரும் ஆராய்ந்திருக்கிறார்கள்.

சிக்கல் இரண்டு. காய் முற்றுவதற்கு முன்பே ஒரு பக்கம் பிளந்து விதையை உதிர்த்துவிடும். அறுவடை செய்வதற்குள் பாதி மண்ணில். உதிராத வகை ஒன்றை அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் கலப்பின முறையில் உருவாக்கினார்கள். அப்புறம் செடி முழுவதும் பிசுபிசுவென்று ஒட்டும் முடிகள், அறுவடை இயந்திரத்துக்குப் பெரிய தொல்லை. விதையிலும் முடி உண்டு, ஆனால் அது வெளியே தெரியாது. விதையுறையின் செல்களுக்குள் சுருண்டு கிடக்கும். தண்ணீர் பட்டவுடன் உள்ளிருந்து புரண்டு வெளியே நீண்டு வழவழப்பாகிவிடும். கூஃபியா நர்சரியில் கிடைத்தால் முற்றிய விதை ஒன்றைச் சொட்டுத் தண்ணீரில் போட்டு, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வழியே பாருங்கள்.